சி.ஏ. பயிற்சி: பழைய மூன்று ஆண்டா, புதிய இரண்டு ஆண்டா?

சி.ஏ. படிப்பில் 2023 ஜூலை 1 முதல் புதிய திட்டம் நடைமுறையில் இருக்கிறது. இடைநிலைத் தேர்வான இன்டர், கடைசித் தேர்வான ஃபைனல் இரண்டிலும் எட்டு பேப்பர் ஆறானதைத்தான் எல்லோரும் பேசினார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய மாற்றம், ஆடிட் ஆபீஸில் எடுக்க வேண்டிய கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிக்கிள்ஷிப்பில்தான். மூன்று ஆண்டு இரண்டானதோடு, படிப்பும் வேலையும் வரும் வரிசையும் மாறிவிட்டது.

பழைய திட்டத்தில் இன்டர் பேப்பர்களின் இரண்டு குரூப்பில் ஒன்றில் தேறினாலே ஆர்ட்டிக்கிள் சேரலாம். மிச்ச குரூப்பின் பாரத்தைச் சுமந்துகொண்டே ஆடிட்டுக்குப் போக வேண்டும். ஃபைனலைப் பயிற்சியின் கடைசி ஆறு மாதத்திலேயே எழுதிவிடலாம். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் கழுத்தை நெரிக்கும், நவம்பரில் பரீட்சை நிற்கும். லீவுக்காகப் பிரின்சிபலிடம், அதாவது பயிற்சி தரும் ஆடிட்டரிடம், கெஞ்சாத மாணவர் குறைவு. பெயரை மட்டும் பதிந்துவிட்டு கோச்சிங் வகுப்பில் உட்காரும் டம்மி ஆர்ட்டிக்கிள் வழக்கத்துக்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் முடித்தால்தான் ஆபீஸ் வாசலை மிதிக்க முடியும். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்தே ஃபைனல். லீவு ஆண்டுக்கு 12 நாள். கறார்தான், ஆனால் வேலை நேரத்தில் வேலை, படிக்கும் நேரத்தில் படிப்பு என்று பிரிந்துவிட்டது.

தேர்வைப் பொறுத்தவரை என் ஓட்டு புதியதற்கே. ஃபைனலில் இருந்த சட்டமும் காஸ்டிங்கும் அவரவர் வேகத்தில் ஆன்லைனில் படித்துத் தேர்வெழுதும் தொகுதிகளாகிவிட்டன. பல பாடங்களை ஒரே கேஸில் கோக்கும் ஆறாவது பேப்பரைப் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். ஒரு பேப்பருக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் என்ற பழைய தேர்ச்சி விதி அப்படியேதான் இருக்கிறது. அதனால் தரம் இறங்கிவிட்டது என்ற புலம்பலில் பெரிய சாரம் இல்லை.

பயிற்சியில்தான் இடிக்கிறது. முதல் ஆண்டு பெரும்பாலும் பில்களைக் கணக்கோடு சரிபார்க்கும் வவுச்சிங், வங்கிக் கணக்கை ஏட்டோடு ஒப்பிடும் பேங்க் ரீகன்சிலியேஷன் என்றே ஓடிவிடும். கொள்முதல் பில்லில் மார்ச் 30 என்று இருக்கும், லாரி ரசீதிலோ ஏப்ரல் 3. எந்தக் கொள்முதல் எந்த நிதியாண்டில் சேரும் என்று பார்க்கும் கட்-ஆஃப் பற்றிப் புத்தகத்தில் படித்தவருக்கும் முதல் ஆண்டில் கண் பில்லோடு நின்றுவிடும். இரண்டாம் ஆண்டில்தான் ரசீதையும் கேட்டு வாங்கத் தோன்றும். மூன்றாம் ஆண்டில், ஜூனியர் அதை விட்டுவிட்டாரா என்று பார்க்கும் பொறுப்பு வரும். அந்த மூன்றாம் ஆண்டைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் பிரிட்டனின் கணக்காளர் தகுதியான ஏ.சி.சி.ஏ.வையும் வைத்துப் பார்ப்போம். 13 பேப்பர், 36 மாத அனுபவம். அந்த அனுபவத்தைத் தேர்வுக்கு முன்போ, கூடவோ, பின்போ சேர்த்துக்கொள்ளலாம். நெகிழ்வு என்றால் அதுதான். ஆனால் இந்தியாவில் சட்டப்படியான கம்பெனி ஆடிட்டில் கையெழுத்திட அந்தத் தகுதி மட்டும் போதாது, சி.ஏ. வேண்டும். கார்ப்பரேட் வேலைதான் குறி என்பவருக்கே அது தோது.

பழையதற்குத் திரும்ப இனி வழியில்லை என்பதால், சேரப்போகிறவர் ஒன்றை யோசித்துக்கொள்ளலாம். பயிற்சியின் கடைசி 9 முதல் 12 மாதத்தை, ஆடிட் ஆபீஸுக்குப் பதில் ஒரு கம்பெனியில் எடுக்கும் இண்டஸ்ட்ரியல் ட்ரெயினிங்காக மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஸ்டைப்பண்ட் (பயிற்சிக்காலச் சம்பளம்) ஆசையில் அதை எடுத்தால் ஆடிட் ஆபீஸில் இருந்தது ஓராண்டு சொச்சம்தான் என்றாகும். பின்னாளில் சொந்தமாகப் பிராக்டீஸ் செய்ய நினைப்பவர், அந்தப் பக்கம் போகாமல் நடுத்தர ஆபீஸ் ஒன்றிலேயே இரண்டு ஆண்டையும் முடிப்பது நல்லது.