‘டிஜிசிஏ அங்கீகாரம்’ என்ற போர்டை மட்டும் நம்பி ஏஎம்இ படிப்பில் பணம் கட்டாதீர்கள்

பிளஸ் டூ முடித்துவிட்டு விமான மெக்கானிக் ஆக வேண்டும் என்று ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) படிப்புக்கு எங்கேயாவது பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இரண்டு வருடமும் 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயும் போய்விட்டது. அதில் ஒன்றரை லட்சம் அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கியது, நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.

2022 ஜூன் மாதம், ஊரில் ஒரு கன்சல்டன்சிக்காரர் சொல்லித்தான் அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனோம். வாசலிலேயே பழைய செஸ்னா விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள், அப்பா அதன் இறக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அட்மிஷன் பார்த்தவர், “சார், நாலு வருஷத்துல தம்பிக்கு மாசம் ஒன்றரை லட்சம் சம்பளம், எழுதி வெச்சுக்கங்க” என்றார். நான் பி1.1 பிரிவு, அதாவது ஜெட் விமான மெக்கானிக்கல் பக்கம் சேரத்தான் போனேன். “அதுல கூட்டம் அதிகம் தம்பி, பி2 ஏவியானிக்ஸ் எடு” என்று அவர்தான் விமானத்தின் மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ் பக்கம் மாற்றிவிட்டார். வராந்தாவில் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுத்த அங்கீகாரக் கடிதம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதை நாங்கள் படிக்கவில்லை.

அந்தக் கடிதத்தில் இருந்தது பி1.1 மட்டும்தான்.

இது எனக்குத் தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாட்யூல் பரீட்சைக்கு, அதாவது லைசென்ஸுக்கான பாடவாரிப் பரீட்சைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் அடுத்த செஷன், அடுத்த செஷன் என்று தள்ளிக்கொண்டே போனார்கள், கடைசியில் ஒரு சீனியர் அண்ணன்தான் என்னைக் கூட்டிப்போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, “நீ படிக்கிற பிரிவு இதுல எங்க இருக்கு, காட்டு” என்றார். ஆபீஸில் கேட்டால் பி2-வுக்கு அப்ளை செய்திருக்கிறோம், வந்துவிடும் என்றார்கள். நான் வெளியே வரும் வரை வரவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், சிஏஆர்-147 (பயிற்சி நிலையங்களுக்கான டிஜிசிஏ விதி) அங்கீகாரம் உள்ள படிப்பு குறைந்தபட்சம் 2400 மணி நேரம் இருக்க வேண்டும், அதில் ஏறக்குறைய பாதி கைவேலை. அப்படி முறையாகப் படித்து, மாட்யூல் ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்கி, பறக்கும் விமானங்களைப் பராமரிக்கும் இடத்தில் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் பி1.1, பி2 லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். படித்த பிரிவுக்கு அங்கீகாரம் இல்லையென்றால் அந்த இரண்டு வருடச் சலுகையே கிடையாது, அனுபவம் ஐந்து வருடம்கூடக் கேட்பார்கள். அனுபவம் தரும் கம்பெனியோ முதலில் எங்கே படித்தாய் என்றுதான் கேட்கும். ஆக, கதவு இரண்டு பக்கமும் சாத்திவிடுகிறது.

கைவேலை எப்படி நடந்தது என்றும் சொல்கிறேன். 38 பேருக்கு இரண்டு மல்டிமீட்டர். வாசலில் நின்ற செஸ்னாவுக்குள் இன்ஜினே இல்லை, பேனலில் பாதி மீட்டர் கழற்றிய ஓட்டை. லாக்புக்கில் நாங்கள் செய்யாத வேலைகளை அவர்களே எழுதி எங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நானும் போட்டேன், அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் இந்தத் தொழிலில் கையெழுத்துதான் எல்லாம், அதை நம்பித்தான் விமானம் மேலே ஏறுகிறது.

அப்புறம் அந்த ஒன்றரை லட்சம் சம்பளம். அது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குகிறார். ஆனால் அவரிடம் பி1.1 லைசென்ஸும் அதன்மேல் ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங்கும், அதாவது அந்த வகை விமானத்துக்கென்று தனி அனுமதியும் இருக்கிறது, அதற்கு வேலையில் சேர்ந்து ஏழு வருடம் ஆனது. வெறும் லைசென்ஸை வைத்துக்கொண்டு பெரிய விமானம் எதையும் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட முடியாது, விமானமும் இன்ஜினும் சேர்த்துத்தான் டைப் ரேட்டிங். சிஎஃப்எம்56 இன்ஜின் உள்ள ஏ320 வேறு, பிராட் அண்ட் விட்னி இன்ஜின் உள்ள ஏ320நியோ வேறு. கம்பெனி அனுப்பாமல் சொந்தக் காசில் படித்தால் அதற்கும் லட்சங்கள் ஆகும். படிப்பு முடித்த கையோடு கிடைப்பது டெக்னீசியன் அல்லது டிரெய்னி வேலைதான். என் கூட பி1.1 ஒழுங்காக முடித்த பையன் 16 ஆயிரத்தில் சேர்ந்தான், ரூம் வாடகை போக அவன் கையில் நிற்பது சொற்பம். நான் முதல் தவணை கட்டிய அதே 2022 ஜூலையில்தான் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் இண்டிகோ டெக்னீசியன்கள் சம்பளம் போதவில்லை என்று கூட்டமாக உடம்பு சரியில்லை லீவ் போட்டார்கள், பேப்பரில் வந்தது. நான் அதைப் படித்துவிட்டும் நமக்கு இல்லை என்று நினைத்தேன்.

‘பிளேஸ்மென்ட்’ என்று கடைசியில் எங்களை அனுப்பியது விமான நிலையத்தில் லக்கேஜ் ஏற்றும் வேலைக்கு. அதில் கேவலம் எதுவும் இல்லை, ஆனால் அதற்கு நாலு லட்சம் கட்டத் தேவையில்லை.

சேருவதற்கு முன்னால் டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியல் இருக்கும், அதில் பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். கடிதத்தை போட்டோ எடுக்க விடவில்லை என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். கைவேலைப் பயிற்சிக்கு எந்தப் பராமரிப்பு நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள் என்று எழுத்தில் வாங்கி, அந்த நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைச் சரிபார்த்த உடனே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதைப் பாக்கி ஃபீஸ் என்று சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாளில் இரண்டு முறை மனு கொடுத்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

பணத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறோம், அது நடந்துகொண்டிருப்பதால் வக்கீல் பெயரை எழுத வேண்டாம் என்றார். சேரும் யோசனையில் இருப்பவர்கள் கடிதத்தின் போட்டோவை எனக்கு அனுப்புங்கள், எந்தப் பிரிவு என்று பார்த்துச் சொல்கிறேன்.