தலைமையா, நிர்வாகமா: ஆனந்த் நகரின் இருவர்

அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் தலைமையை உச்சியில் வைத்து, நிர்வாகத்தை ஏதோ குமாஸ்தா வேலைபோல் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இரண்டின் எடையும் தெரிய வேண்டுமானால் குஜராத்தின் ஆனந்த் நகரில் அமுல் என்ற பால் கூட்டுறவு அமைப்பு வளர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இந்த இரு வேலைகளும் இரு வேறு மனிதர்களின் கையில் இருந்தன.

திரிபுவன்தாஸ் படேல் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற காந்தியவாதி. ஆனந்த் இருந்த கைரா மாவட்டத்துப் பாலைப் போல்சன் என்ற தனியார் நிறுவனம் வாங்கி பம்பாய்க்கு அனுப்பிய காலம் அது. லாபம் விவசாயிக்கு வந்து சேராமல் இடையில் இருப்பவர்களிடமே நின்றுவிடும். 1946இல், சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வழி பிறக்கும்வரை பால் விற்பதில்லை என்று விவசாயிகள் உறுதி பூண்டார்கள். 15 நாட்கள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. எருமைப் பாலை நம்பி வாழும் குடும்பம் 15 நாள் வருமானத்தைத் துறக்கிறது என்றால், அதைச் சுற்றறிக்கை அனுப்பிச் செய்ய வைக்க முடியாது. ஊர் ஊராகப் போய்ப் பேசிய திரிபுவன்தாஸின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. தலைமை என்பது இதுதான்.

பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்ற சங்கம் பிறந்துவிட்டது. ஆனால் பால் சில மணி நேரத்தில் திரிந்துபோகும் பொருள். யாருடைய நல்லெண்ணத்துக்காகவும் அது காத்திருக்காது. சங்கத்திடம் இருந்தவை அடிக்கடி பழுதாகும் பழைய இயந்திரங்கள். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன், அரசு உதவித்தொகை நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு 1949இல் ஆனந்துக்கு வந்தவர். எப்போது கிளம்பலாம் என்றிருந்தவரை இயந்திரங்களைச் சரிசெய்து தரும்படி கேட்டு நிறுத்திக்கொண்டவர் திரிபுவன்தாஸ்.

குரியன் காலத்தில் வேரூன்றிய முறையைக் கிட்டே போய்ப் பாருங்கள். காலையும் மாலையும் கிராமச் சங்கத்தின் முன் வரிசை. ஒரு பெண் தன் பாத்திரத்துப் பாலை அளவையில் ஊற்றுகிறார். அதிலிருந்து சிறிது மாதிரி எடுத்துக் கொழுப்புச் சத்தைப் பார்க்கிறார்கள். அளவுக்கும் கொழுப்புக்கும் ஏற்ற விலை அவர் கணக்கில் ஏறுகிறது. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் பணம். நிலம் உள்ளவர், இல்லாதவர், எந்தச் சாதிக்காரர் என்று அளவை பார்க்காது. பணம் ஒரு வாரம் தாமதித்திருந்தால் திரிபுவன்தாஸ் மீதிருந்த மரியாதை எத்தனை நாள் தாங்கியிருக்கும்? அந்த மரியாதையை ஒவ்வொரு மாலையும் காப்பாற்றிக் கொடுத்தது நிர்வாகம்தான்.

எதிர்த்திசையிலும் இது உண்மை: நிர்வாகத்துக்குத் தலைமையும் தேவைப்பட்டது. குளிர்காலத்தில் பால் பெருகும். பம்பாயால் முழுவதையும் வாங்க முடியாது. மிஞ்சியதைப் பால் பவுடராக்கினால்தான் கெடாது. எருமைப் பாலில் பவுடர் தயாரிக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொன்னதை தலாயா என்ற தொழில்நுட்பவியலாளர் பொய்யாக்கினார். 1955இல் ஆனந்தில் பவுடர் ஆலை திறக்கப்பட்டது. அத்தகைய துணிச்சலுக்கு இடம் கிடைத்தது, திரிபுவன்தாஸ் அன்றாட வேலையில் மூக்கை நுழைக்காமல், அரசியல் குறுக்கீடுகளைத் தன்னோடு நிறுத்திக்கொண்டதால்.

நம் அலுவலகங்களில் நடப்பது வேறு. நன்றாக வேலை செய்பவருக்குப் பதவி உயர்வு கொடுத்து, ஊக்கப்படுத்துவதையும் பணிப் பட்டியல் போடுவதையும் ஒரே தலையில் கட்டிவிடுகிறோம். ஊழியர்கள் சோர்ந்திருந்தால் உடனே உற்சாக உரைக்கு ஏற்பாடு செய்கிறோம். பெரும்பாலும் அவர்கள் கேட்பது அதையல்ல. விடுப்பு விண்ணப்பத்துக்குப் பதில், கெட்டுப்போன கருவிக்கு மாற்று, சொன்ன தேதியில் சம்பளம். இவை சரியாக நடந்தும் யாருக்கும் வேலையில் பிடிப்பில்லை என்றால்தான் திரிபுவன்தாஸ் போன்ற ஒருவரைத் தேட வேண்டும்.

ஒருவரே இரண்டையும் செய்ய முடியாதா என்றால், முடியும், ஆனால் அபூர்வம். 1965இல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தபோது அதற்குத் தலைமையேற்றவர் குரியன். தலைமையகம் டெல்லியில் அல்ல, விவசாயிகளின் பக்கத்தில் ஆனந்திலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் திரிபுவன்தாஸின் அருகிலிருந்து வேலை பார்த்தவர் அவர்.