மிஞ்சிய பனை விதை: கொட்டையாகவா, கன்றாகவா?

முந்தின வருஷம் ஆவணியில் எங்கள் வாய்க்கால் கரையில் நிற்கும் மூன்று பெண்பனைகளின் அடியில் பழம் கொட்டிக் கிடந்தது. கிழங்குப் பாத்திக்குப் போட்டது போக நானூறு கொட்டைக்கு மேல் மிச்சம். ஒரத்தநாட்டுப் பக்கமும் திருத்துறைப்பூண்டிப் பக்கமும் கேட்டு வைத்திருந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னந்தோப்புகள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, வரப்போரம் நான்கு பனையாவது வேண்டும். கொட்டையாகவே கொடுப்பதா, கவரில் போட்டுக் கன்றாக்கிக் கொடுப்பதா? இரண்டையும் செய்து பார்த்தேன். இனி கொட்டைதான்.

கன்றை வாங்குகிறவருக்குப் பிடிக்கும். பச்சையாக ஒரு பீலி, அதாவது முதல் குருத்தோலை, கண்ணுக்குத் தெரிகிறது, முளைக்குமா என்ற கவலை இல்லை. கொட்டை ஒரு சாக்கு பைக்கிலேயே போய்விடும், கன்றுக்கு வண்டி வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் கீழே இருக்கிறது. பனங்கொட்டை முளைத்ததும் மேலே ஒன்றும் காட்டாது. முளை நேராகக் கீழே இறங்கும், மண்ணுக்குள் கிழங்கு கட்டும், அப்புறம்தான் பீலி மேலே வரும். நான் அறுபது கவரில் போட்டிருந்தேன். தை மாதம் ஒன்றைக் கிழித்துப் பார்த்தால், முளை கவரின் அடியை முட்டி, போக வழியில்லாமல் வளைந்து, கிழங்கு கொக்கி மாதிரி திரும்பியிருந்தது. ஓட்டை வழியாகத் தரைக்குள் இறங்கியவை இன்னும் மோசம். தூக்கியதும் பட்டென்று ஒடிந்தன. நண்பர் ஒருவர் கொண்டுபோய் நட்ட பன்னிரண்டில் மூன்றுதான் நின்றன. அதே கரையில் அவர் ஊன்றிய கொட்டையில் பாதிக்கு மேல் பீலி விட்டுவிட்டது. ஆழமான குழாயில் வளர்த்தால் கன்று தேறலாம், நான் செய்து பார்த்ததில்லை. தமிழக அரசு 2021-22 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை, 1 லட்சம் கன்று என்று அறிவித்தது. வேரைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு சரியாகவே படுகிறது.

இன்னொன்றும் உண்டு. பனை ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது, அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். நான்கு கன்று கொடுத்தால் நான்கும் ஆணாகப் போகலாம். கொட்டையென்றால் ஒருவருக்கு நாற்பது கூடக் கொடுக்கலாம், மூன்று மரத்திலிருந்தும் கலந்து.

கொட்டைக்கும் ஒரு கெடு உண்டு. காயவிட்டால் முளைப்பு குறைந்துவிடும். சதையை எடுத்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி, சீக்கிரமே கொடுத்துவிட வேண்டும். வாங்கியவரும் ஐப்பசி மழைக்கு முன்னால் பத்தடிக்கு ஒன்றாக, மேலே நாலு விரல் மண் மூடும்படி ஊன்றிவிட்டால் போதும், தண்ணீரை மழை பார்த்துக்கொள்ளும்.

இந்த ஆவணிக்கு மரத்துக்கு ஒன்றாக மூன்று சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: பொங்கல் சமயத்தில் கிழங்கு ஆசையில் கரையைத் தோண்டிவிடாதீர்கள். வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாத்தியிலிருந்து ஒரு கட்டு தனியாகத் தருகிறேன்.