‘மழை’ என்ற பொருளில் ஒரு கவிதைப் பட்டறை

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில், ஐப்பசி ஞாயிறு ஒன்றில், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு குழுவினர் நடத்திய கவிதைப் பட்டறைக்கு, நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். இரண்டு மணி நேரம், கட்டணம் 300 ரூபாய், பிள்ளைகள் 14 பேர், பொருள் ‘மழை’. பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது.

பொருளைக் கொடுத்து ‘எழுதுங்கள்’ என்றால், பிள்ளைகள் பாடநூலில் படித்த வரிகளையே திருப்பித் தருவார்கள் என்பது பட்டறையை நடத்திய ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. முதல் 40 நிமிடங்கள் யார் கையிலும் பென்சில் இல்லை. மழையன்று வீட்டில் என்ன கேட்டது, என்ன நாறியது, எது காயவில்லை என்று ஒவ்வொருவரையும் கேட்டு, தகரக் கூரை, ஈரச் சீருடை, மின்சாரம் போன இரவு எனக் கரும்பலகையை நிரப்பினார். ‘அழகு’, ‘ஆனந்தம்’ ஆகிய இரு சொற்களுக்கும் அன்று தடை.

எதுகையைச் சொல்லித்தந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘மழை’யோடு சேரும் சொல் கேட்டபோது ஒரு சிறுமி ‘தழை’ என்றாள், இன்னொருத்தி ‘வாழை’ என்றாள். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் போதாது, முதலெழுத்தும் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என அளவொத்து வரவேண்டும் என்ற இலக்கணத்தை ஆசிரியை எடுத்துரைக்கவில்லை. இரண்டு இணைகளையும் கைதட்டிச் சொல்லவைத்தார். ‘வாழை’யில் தட்டு நீள்வதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, அதற்குத் ‘தாழை’யைத் தேடித் தந்தார்கள். ‘மழை வருது’ ஏன் நாக்கில் எளிதாக உருள்கிறது என்று கேட்டு, முதலெழுத்துகள் ஒத்துவரும் மோனையில் மகரத்துக்கு வகரம் இணையாவதையும் பெயர் சொல்லாமலே காட்டிவிட்டார்.

என் மகன் எழுதியது இது:

ஓட்டு வழியே ஒழுகும் மழை
ஒன்பது பாத்திரம் வைத்தாள் பாட்டி
டொக்கு டொக்கு டிங்கு டிங்கு
தூங்கவே இல்லை எங்க வீடு

வீடு ஒழுகுவதை ஊருக்கே சொல்லிவிட்டானே என்று சற்றுக் கூசினாலும், ‘ஒன்பது’ என்று எண்ணிச் சொன்னதை நான் ரசித்தேன்.

குறை அதன் பிறகுதான் வந்தது. இரண்டு வாரம் கழித்துத் தந்த அச்சுத் தொகுப்பில், கடைசி வரி ‘மழைநீர் சேமிப்போம் நாமெல்லாம்’ என்று மாறியிருந்தது. 14 கவிதைகளில் ஒன்பது அப்படியே ஏதோவொரு அறிவுரையில் முடிந்தன. திருத்தியது ஆசிரியை அல்லர், தொகுப்பைத் தயாரித்தவர்கள் என்று கேட்டபோது சொன்னார்கள். மகனோ, “இது நான் எழுதுனது இல்லப்பா” என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டான்.

அடுத்த பட்டறையின் பொருள் ‘பேருந்து’. ஆசிரியை அவரே என்பதால் பணம் கட்டிவிட்டேன். பிள்ளை தன் கையால் எழுதிய தாளை அன்றே திருப்பித் தரவேண்டும் என்றும் விண்ணப்பத்தின் அடியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.