வேலூர்ப் பக்கம் பழைய காரை டிங்கரிங் வேலைக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சத்துவாச்சாரியில் என் வீட்டு ஷெட்டில் 1965ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றை இரண்டு ஆண்டுகளாகச் சீரமைத்து வருகிறேன். சென்னையில் தயாரான இந்த வண்டியைப் பலரும் வெறும் குடும்பக் கார் என்பார்கள். ஆனால் 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இதே ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கி உருவாக்கப்பட்டதுதான் என்பதால், என் மோகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

948 சிசி எஞ்சினை நானே பிரித்துக் கோத்துவிட்டேன். தகட்டு வேலை மட்டும் கைவராததால், போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியைச் சேசிஸிலிருந்து பிரித்து, வாலாஜா போகும் வழியில் உள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். துருப்பிடித்த இடங்களை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது, பள்ளங்களை நிரப்பிச் சமன்செய்யும் பட்டியைப் பூசும் முன் வெறும் தகட்டை என்னை அழைத்துக் காட்டுவது என்று பேசி, 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். மூன்று மாத வேலை ஒன்பது மாதம் இழுத்தது. ஒருநாள் திடீரென்று, பெயிண்டே அடித்தாகிவிட்டது என்று போன் வந்தது. போய்ப் பார்த்தபோது சிவப்பு நிறம் கண்ணைப் பறித்ததில், வெறும் தகட்டைக் காட்டவில்லையே என்று கேட்கக்கூடத் தோன்றாமல், மீதி 60,000 ரூபாயையும் ஜிபே செய்துவிட்டு வந்தேன். அந்தத் தகட்டைக் கண்ணால் பார்க்காமல் யாரும் இரண்டாம் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் வாரத்தில், கதவுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பியதும் விரற்கடை கனத்துக்குப் பட்டி பெயர்ந்து விழ, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். அதில் அன்றைய தங்க விலையைக்கூடப் படிக்க முடிந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொண்டு பாடி முழுவதும் தடவிப் பார்த்தேன். கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் பின்சக்கர வளைவுகளிலும் பட்டியின் கனத்தால் ஓரிடத்திலும் அது ஒட்டவில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சுமாதலால், வெட்டாமல் விட்ட பழைய துரு அதனடியில் நிம்மதியாக வளர்ந்துகொண்டிருந்தது.

கேட்டதற்கு, "பழைய வண்டி சார், இவ்வளவுதான் வரும்" என்றார் பட்டறை உரிமையாளர். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, எஞ்சின் அறையின் பின்சுவரில் ரிவெட் அடித்திருந்த, சேசிஸ் எண் பொறித்த தகட்டைப் பெயிண்டுக்காகக் கழற்றியவர்கள் திருப்பிப் பொருத்தவேயில்லை என்பது. "இரும்புக் கழிவோடு போயிருக்கும்" என்று அவர் சொன்ன அந்தத் தகட்டைத்தான், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் முதலில் தேடுவார். எனக்கு அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். பில் எங்கே என்றார். பில் வாங்கவில்லை, ஜிபே பதிவும், ஒப்புக்கொண்ட வேலைகளைப் பட்டறைக்காரர் பட்டியலிட்டு அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவும் மட்டுமே இருக்கின்றன. அவை போதுமா என்று பார்த்துச் சொல்வதாக வழக்கறிஞர் கூறியிருக்கிறார். இதற்கிடையில் பாடியை மறுபடி இறக்கி, நானே சுரண்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு வாளி பட்டி வந்திருக்கிறது. இடப்பக்கம் இன்னும் தொடவில்லை.