காமன் கூத்து வீடியோவுக்குக் கொடுத்த 145,000 ரூபா போச்சு: பென் டிரைவில் வீடியோ வாங்குகிறவர்கள் கவனம்

145,000 ரூபா. தோட்டத்துச் சனம் வீட்டுக்கு வீடு போட்ட காசு. 2024 இல் 1,350 ரூபாவாக்கிய நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், ஒரு ஆள் நூறு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். அந்தக் காசை வாங்கிக்கொண்டு ஓடாத வீடியோவைக் கையில் கொடுத்துவிட்டது ஒரு ஸ்டூடியோ. நுவரெலியா மாவட்டத்து டவுன் ஒன்றில் கலியாணம், சடங்கு என்று வீடியோ எடுக்கிற இடம். பெயர் போடவில்லை. பெரிய வீடியோ ஃபைல் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

காமன் கூத்து என்பது சிவன் மதனை (மன்மதனை) எரித்த கதையை ஆடிப் பாடுவது. எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமி இரவு விடிய விடிய கூத்து நடக்கும். பாட்டெல்லாம் கூத்து மாஸ்டர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். எண்பதை நெருங்குகிறார். அவர் பாடுவதைப் பதிந்து வைத்தால் பொடியன்கள் பார்த்துப் பழகலாம் என்றுதான் இந்த முடிவே எடுத்தோம். வீட்டில் மாட்டி அழகு பார்க்க இல்லை.

ஸ்டூடியோக்காரர் எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பெரிய ஸ்கிரீனில் ஒரு கலியாண வீடியோ ஓட விட்டார். 4கே, கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் சொன்னார்: "தம்பி, எங்க அப்பாவும் தோட்டத்துல தப்பு அடிச்சவருதான். இது நம்ம சாமி வேல. இதுல நா லாபம் பாப்பேனா?" எங்களோடு வந்த தோட்டத்துத் தலைவருக்குக் கண் கலங்கிப் போச்சு. அந்த இடத்திலேயே 75,000 முன்பணம் எண்ணிக் கொடுத்தோம்.

பௌர்ணமி இரவு வந்து ஒழுங்காகத்தான் எடுத்தார்கள், அதை மறைக்கவில்லை. வேலை முடிந்ததும் கூப்பிட்டு, தன் கம்பியூட்டரில் அங்கங்கே ஓட்டிக் காட்டினார். மதன் எரிகிற இடத்தைப் பார்த்து எல்லோரும் அமைதியாகிவிட்டோம். மீதி 70,000 ஐயும் கொடுத்தோம். மதன், ரதி படம் ஒட்டிய பெட்டியில் 256 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கையில் தந்தார். ஓட்டிக் காட்டியது அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ஃபைலை. எங்களுக்குத் தந்த பென்னை அவர் ஒரு தரம்கூடத் திறந்து காட்டவில்லை.

கோயில் முன்னால் டிவி வைத்து, சனம் கூடி, பென்னைக் குத்தினால் டிவி அதைப் படிக்கவே இல்லை. லேப்டாப்பில் முதல் ஃபைல் இரண்டு செக்கனுக்கு ஒரு தரம் நின்று நின்று ஓடியது, சத்தம் முன்னே போக படம் பின்னால் வந்தது. மற்ற மூன்றும் திறக்கவில்லை. மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

கோல் எடுத்தோம். "ஒங்க டிவி பழசு தம்பி." சரி. "லேப்டாப்புக்கு பவர் காணாது." சரி. "விஎல்சி பிளேயர அப்டேட் பண்ணுங்க." பண்ணினோம். "பென்ன இஜெக்ட் பண்ணாம புடுங்கியிருப்பீங்க." அதன் பிறகு வட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழும், பதில் வராது. நேரில் போனால் கடைப் பொடியன், "சேர் சூட்டிங் போயிட்டாரு" என்பான்.

கொழும்பில் எடிட்டிங் வேலை செய்யும் மச்சான்தான் உண்மையைக் கண்டுபிடித்தான். ஸ்டூடியோக்காரர் சொன்ன சாக்கில் பாதி நிஜம், அதுதான் எரிச்சல். நான்கு ஃபைலும் ஒவ்வொரு மணித்தியாலம், ஒவ்வொன்றும் 45 ஜிபி, எச்.265 என்ற புது முறையில் சுருக்கியது, 10 பிட், செக்கனுக்கு 100 மெகாபிட். எங்கள் லேப்டாப் இன்டெல் 4 ஆவது ஜெனரேஷன், எச்.265 ஐ ஓட்டுவதற்கான ஹார்ட்வெயார் அதற்குள் இல்லை. பென் எக்ஸ்ஃபெட் என்ற முறையில் ஃபோமட் செய்தது, பழைய டிவி பலதும் அதைப் படிக்காது. பழைய முறையான ஃபெட்32 இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் வைக்க முடியாது என்பதால் அது இதற்குச் சரிவராது. முதல் ஃபைல் மச்சானின் புது மெஷினில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அது நல்ல ஃபைல். மற்ற மூன்றும் அங்கேயும் ஓடவில்லை.

உள்ளதையெல்லாம் கொப்பி எடுத்துவிட்டு பென்னை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற புரோகிராமில் சோதித்தான். 256 என்று எழுதியிருந்த பென்னின் உண்மையான கொள்ளளவு 60 ஜிபி அளவுதான். போலிப் பென். அதற்கு மேல் எழுதினால் ஃபைல் பெயரும் அளவும் சரியாகக் காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டாவது ஃபைலின் முன்பகுதி இருந்தும் ஓடாததற்குக் காரணம், எம்பி4 வீடியோ ஃபைலுக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பெரும்பாலும் ஃபைலை உருவாக்கி முடிக்கும்போது ஃபைலின் கடைசியில் எழுதப்படுவது. கடைசி போனால் முன்னால் இருப்பதும் திறக்காது. முதல் ஃபைலை மாதிரியாக வைத்து, அன்ட்ரங்க் என்ற டூலால் இரண்டாவதில் கொஞ்சத்தை மீட்டான். விடியற்காலை மதன் எரிவதும், அதற்குப் பிறகு மாஸ்டர் பாடிய ரதி புலம்பலும் மூன்றாவதிலும் நான்காவதிலும் இருந்தன. போச்சு.

இதைக் கொண்டுபோய்க் காட்டினோம். முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "பென் நா செஞ்சதா? வித்தவன கேளுங்க. ஒரிஜினல் எல்லாம் அழிச்சாச்சு, டிஸ்க்ல எடமில்ல." 145,000 ரூபா வாங்கியவருக்கு எங்கள் ஃபைலை வைக்க இடமில்லையாம்! காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "அடுத்த வருஷம் பாதி வெலைக்கு எடுத்துத் தாரேன்" என்கிறார்.

இப்போது அவசரமாக இவ்வளவுதான் சொல்ல முடியும். மீதிக் காசைக் கொடுக்கும் முன், கையில் தருகிற அதே பென்னிலிருந்து, ஒவ்வொரு ஃபைலின் கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு மெஷினில் மட்டும் திக்கினால் மெஷின் காணாது, எந்த மெஷினிலும் திறக்காவிட்டால் ஃபைல் பழுது. டிவிக்கென்று எச்.264 என்ற பழைய முறையில் சின்னக் கொப்பி ஒன்றும் கேட்டு வாங்குங்கள். ஒரிஜினலை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, நாங்கள் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம்.

அன்று இரவு எங்கள் தோட்டத்துக்கு வந்து போனில் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், ஐந்து நிமிடமாக இருந்தாலும் அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டொகியுமென்டாக அனுப்புங்கள். விடியற்காலைப் பகுதிதான் வேண்டும்.