மினி டிராக்டரா, குட்டி யானையா? நாலு ஏக்கருக்கு எது தோது

மணலி புதுநகரைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் நெல். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகக் கீரையும் வெண்டையும். மீதியில் தென்னை, ஆறு மாடுகள், அவற்றுக்கான தீவனப்புல். எடையஞ்சாவடி, கடப்பாக்கம், சடையங்குப்பம் எல்லாம் 2011-லேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. ஆனாலும் விடிந்தால் சாணி அள்ள வேண்டும், புல் அறுக்க வேண்டும், ஆறு மணிக்குள் கீரைக்கட்டு கடைக்குப் போய்ச் சேர வேண்டும்.

போன வருஷம் ஒரு வண்டி வாங்குவதென்று வீட்டில் முடிவானது. கையில் இருந்த பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். அப்பா டிராக்டர் என்றார். நான் குட்டி யானை என்றேன். டாட்டா ஏஸ் என்கிற சின்னச் சரக்கு வண்டி 2005-ல் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் அதற்கு அந்தப் பெயர்தான். இப்போது அந்த அளவில் எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் குட்டி யானைதான்.

"நெலம் வெச்சிருக்கறவன் வீட்ல மொதல்ல உழவு வண்டி நிக்கணும்பா. ஆளு வருவானா வருவானான்னு ரோட்டப் பாத்துகினு ஒக்கார முடியாது" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால் நாங்கள் சண்டை போடவில்லை. ஒரு வருஷம் இரண்டையும் வாடகைக்கு எடுத்து, எந்த வேலைக்கு எது வந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தோம். கீழே இருப்பது அந்த நோட்டிலிருந்து எனக்குப் பட்டது.

முதலில் டிராக்டர். எங்கள் அளவு நிலத்துக்குப் பெரிய வண்டி வேண்டாம். மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 மாதிரி மினி டிராக்டர் போதும். இரண்டுமே 24 குதிரைத்திறன். நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் 750 கிலோ வரை தூக்கும். ஏஸ் வகை வண்டி சுமப்பதும் ஏறக்குறைய அதே 750 கிலோதான். எண் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. டிராக்டர் அந்த எடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கும். குட்டி யானை அதைச் சுமந்துகொண்டு தார்ச்சாலையில் ஓடும்.

டிராக்டரின் உயிர் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. பி.டி.ஓ. என்கிற சுழல்தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதில் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை மாட்டினால் உழவு, பம்ப்பை மாட்டினால் நீர் இறைப்பு, தட்டை வெட்டும் மெஷினை மாட்டினால் மாட்டுத்தீவனம். 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் கொசஸ்தலையில் பெருகி மணலி புதுநகருக்குள் புகுந்தபோது எங்கள் நாற்றங்கால் முழங்கால் ஆழத்தில் நின்றது. கரண்ட் இல்லை. தண்ணீர் வடியத் தொடங்கியதும், பக்கத்து நிலத்து மாமா தன் டிராக்டரில் பம்ப்பை மாட்டி மிச்சத் தண்ணீரை இறைத்துக் கொடுத்தார். அந்த வேலையைக் குட்டி யானையால் எந்தக் காலத்திலும் செய்ய முடியாது. அப்பா டிராக்டர் கேட்டதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு நாள்தான்.

மண்ணும் டிராக்டர் பக்கமே பேசுகிறது. ஆற்றோரக் களிமண் இது. காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. போன ஐப்பசியில் ராத்திரி முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு, வாடகைக் குட்டி யானையைத் தென்னந்தோப்பு வரை இறக்கி முந்நூறு தேங்காய் ஏற்றினோம். வெளியே வரும்போது இடது பின்சக்கரம் வரப்போரம் இறங்கிவிட்டது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்தச் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, வலது சக்கரம் அசையக்கூட இல்லை. இந்த வகை வண்டிகளில் ஒரு பக்கம் பிடிமானம் போனால் சுழற்சி முழுக்க அந்தப் பக்கமே போய்விடும். 12 அங்குலச் சக்கரம் அது. ஐந்து நிமிடத்தில் அச்சு வரை புதைந்துவிட்டது. தென்னமட்டை போட்டோம், வைக்கோல் திணித்தோம். மட்டை பின்னால் பறந்து வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மாமாவின் டிராக்டர்தான் வந்தது. நான் கயிற்றை எடுத்துக்கொண்டு டிராக்டரின் பின்னால் மேலே, கருவியைப் பிடிக்கும் டாப் லிங்க் இடத்தில் கட்டப் போனேன். "டேய், அங்க கட்டாத, மூஞ்சி தூக்கிடும்!" என்று மாமா கத்தினார். இறங்கி வந்து, சக்கர அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கட்டையில் அவரே கட்டினார். கயிறு அச்சுக்கு மேலே இருந்தால், இழுக்கும்போது டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர்மேலேயே மல்லாக்கக் கவிழும். நினைத்து முடிப்பதற்குள் நடந்துவிடுகிற விஷயம் அது. டிராக்டர் வாங்குகிறவர்கள் உழவுக்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். அப்புறம் மாமா சேறு அப்பிய செருப்பால் டிஃப்ரன்ஷியல் லாக் பெடலை அழுத்தினார். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றின. குட்டி யானை ஒரே இழுப்பில் மேலே வந்தது.

சரி, இத்தனைக்கும் பிறகு டிராக்டர்தானே என்று தோன்றும். எனக்கும் அன்றைக்குத் தோன்றியது. ஆனால் நோட்டு வேறு கதை சொன்னது.

நெல்லுக்கு டிராக்டர் உண்மையில் எத்தனை நாள் வருகிறது? சம்பாவுக்கு முன்னால் புழுதி உழவு, தண்ணீர் விட்டுச் சேற்றுழவு, பரம்படிப்பு. நவரைப் போகம் வைத்தால் இன்னொரு முறை. காய்கறி நிலத்துக்கு அவ்வப்போது ஒரு ஓட்டு. எங்கள் நோட்டில் வருஷம் முழுக்க டிராக்டர் ஓடியது நாற்பது மணி நேரம்கூட வரவில்லை. அறுவடைக்கு வருவது வேறு மெஷின். செங்குன்றம் மில்லுக்கு நெல் மொத்தமாகப் போகும்போது எப்படியும் பெரிய லாரிதான் வரும்.

குட்டி யானை வேலையோ தினமும். விடியற்காலையில் கீரை. ஏழு மணிக்குப் பால் கேன். வாரத்துக்கு இரண்டு முறை தவிடு, புண்ணாக்கு. மாதத்துக்கு ஒருமுறை தேங்காய். உர மூட்டை, பி.வி.சி. பைப், மோட்டார் ரிப்பேர், வெயில் காலத்தில் வெளியிலிருந்து வாங்கும் வைக்கோல். ஒரு கன்றுக்குக் காய்ச்சல் வந்தபோது மாதவரத்துக்கு மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதும் இந்த வண்டியில்தான். ஒரு நடை வாடகை சின்னத் தொகைதான். ஆனால் மாதக் கடைசியில் கூட்டினால் வண்டித் தவணைக்கே பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதையெல்லாம் டிராக்டரில் டிரெய்லர் மாட்டிச் செய்யக் கூடாதா என்று அப்பா கேட்டார். கிராமத்துச் சாலையாக இருந்தால் நானே சரி என்றிருப்பேன். இங்கே நம் வாசலில் இருப்பது திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலையும் மணலி விரைவுச் சாலையும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், இல்லையென்றால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடும் மினி டிராக்டரில், பின்னால் பிரேக்கே இல்லாத டிரெய்லரோடு, விடியற்காலை நாலரை மணி இருட்டில் மூலக்கடை வரை போக என் தம்பியை நான் அனுப்ப மாட்டேன். பண்ணை டிரெய்லர்கள் பெரும்பாலும் தனி பிரேக் இல்லாமல்தான் வருகின்றன. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்கூட ஒட்டாமல் ஓடுகிற டிரெய்லர்களை இந்தச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கோயம்பேடு இன்னும் தூரம். டிராக்டரில் போய்ச் சேர்வதற்குள் கீரை வாடிவிடும்.

எனக்கு முடிவைத் திருப்பியது இந்தச் சாலைதான். நிலம் எத்தனை ஏக்கர் என்பதைவிட, நிலத்திலிருந்து கடைக்குப் போகும் வழி எப்படிப்பட்டது என்பது வட சென்னையில் பெரிய கேள்வி.

காகிதம், வரி விஷயத்தில் டிராக்டருக்குச் சலுகை அதிகம். 2025 செப்டம்பர் 22-லிருந்து விவசாய டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. சரக்கு வண்டிக்கு 28-லிருந்து 18. சிறு குறு விவசாயிகளுக்கு இயந்திரமயமாக்கல் திட்டத்தில் டிராக்டருக்கு மானியமும் உண்டு. குட்டி யானைக்கு அது கிடையாது. சொந்த விவசாய வேலைக்குப் பதிவு செய்த டிராக்டரில் வாடகை லோடு ஏற்றக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். செங்கல் ஏற்றி மாட்டினால் அபராதம், விபத்து என்றால் இன்சூரன்ஸும் சிக்கல். குட்டி யானை ஆரம்பத்திலிருந்தே சரக்கு வண்டி. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருப்பதால் தனி பெர்மிட் வேண்டாம். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு மட்டும் முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம் காட்ட வேண்டும். லைசென்ஸ் பற்றிய பழைய குழப்பமும் தீர்ந்துவிட்டது. 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விலையை ஒப்பிடும்போது பலர் ஏமாறுவது ஒரே இடத்தில். டிராக்டர் விலையை மட்டும் பார்க்கிறார்கள். ரோட்டவேட்டர், ஐந்து கொழுக் கலப்பை, சேற்றுக்கான கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம், டிரெய்லர் எல்லாம் தனித்தனிக் காசு. அவை இல்லாமல் டிராக்டர் நின்ற இடத்தில் நிற்கும். குட்டி யானைக்குத் தார்ப்பாயும் கயிறும் போதும்.

உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழிமுகம் பக்கம் என்பதால் தகடு சீக்கிரம் அரிக்கும். சாணியும் மாட்டு மூத்திரமும் சேர்ந்தால் லோடு பாடியின் தரை இரண்டு மழைக்காலம் தாங்குவதே கஷ்டம். ஒவ்வொரு சாணி லோடுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் நிறுத்த வேண்டும். டிராக்டர் இரும்பு தடிமன், அதனால் தாங்கும். ஆனால் சேற்றுழவு முடிந்ததும் முன் அச்சில் ஏறிய களிமண்ணைச் சுரண்டி எடுக்காவிட்டால் சீல் போய் எண்ணெய் கசியும். மெக்கானிக், ஸ்பேர் இரண்டுக்குமே நமக்குப் பஞ்சமில்லை. மாஸி ஃபெர்குசன் டிராக்டருக்குள் ஓடும் சிம்சன் என்ஜினைச் செய்கிற ஊரே நம் செம்பியம்தான். அந்த ஏரியாவில் டீசல் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டிராக்டரை வாடகைக்கு நம்பலாமா என்பதுதான் அப்பாவின் உண்மையான கவலை. அது சும்மா வந்த பயம் இல்லை. எங்களைச் சுற்றி நிலங்கள் கண்டெய்னர் யார்டுகளாக மாறிய பிறகு டிராக்டர் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மழை விட்டு ஈரம் பதமாக இருக்கும் இரண்டு நாளில் மீஞ்சூரிலிருந்து இங்கே வரை எல்லாரும் ஒரே வண்டியைக் கேட்பார்கள். போன புரட்டாசியில் நாங்கள் ஐந்து நாள் காத்திருந்தோம், அதற்குள் மண் இறுகிவிட்டது. வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலியில் இ-வாடகைக்குப் பதியலாம். அது கட்டுப்படியாகும், ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டும்.

எல்லாம் எழுதிப் பார்த்த பிறகு நாங்கள் வாங்கியது குட்டி யானை. வருஷத்துக்கு நாற்பது மணி நேர வேலைக்கு ஒரு டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. எட்டு, பத்து ஏக்கர் நெல் இருந்து, கீரை மாதிரி தினச் சரக்கு இல்லாதவர்கள் யோசிக்காமல் டிராக்டரே வாங்கலாம். நாலு பேர் நிலத்துக்கும் கூலிக்கு உழப் போகிற ஆள் வீட்டில் இருந்தாலும் டிராக்டர்தான். அதற்கான பதிவையும் இன்சூரன்ஸையும் மட்டும் முறையாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து மாமரத்துக்குத் தண்ணீர் விட்டுப் போகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், ஒரு களையெடுக்கும் மெஷின் போதும். பவர் டில்லர் நடுவில் ஒரு வழிதான், ஆனால் களிமண்ணில் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க நல்ல தோள் வேண்டும். அப்பாவுக்கு வயது எழுபது.

குட்டி யானை வாங்கியதும் முதல் வேலையாக, பழைய வீடு இடித்த செங்கல் கழிவை வாங்கி, சாலையிலிருந்து கொட்டகை வரை பத்தடி அகலத்துக்குப் போட்டு இறுக்கினோம். மழை பெய்தால் வண்டி அந்தப் பாதையைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். தோப்பிலிருந்து பாதை வரை தேங்காய் தள்ளுவண்டியில் வரும். மாமாவோடு அப்பா ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். மாமா வீட்டுப் பாலும் தேங்காயும் எங்கள் வண்டியில் கடைக்குப் போகும், எங்கள் உழவுக்கு அவர் டிராக்டர் முதலில் வரும். இந்த வருஷம் சொர்ணவாரிப் போகத்துக்கு மண் பதமான அன்றைக்கே காலை ஏழு மணிக்கு வரப்பில் டிராக்டர் நின்றது. அப்பா அதற்கு முன்னாலேயே போய் நின்றிருந்தார்.